அப்பாவின் பழைய வண்டிக்கு எல்.எஸ்.டி. புதுப்பித்துக் கொடுத்த அனுபவம்

நான்கு வார விடுமுறையில் ஊருக்கு வந்த நான், அதில் பதினொரு நாள்களை அப்பாவின் வண்டியின் பின் ஆக்ஸிலுக்குக் கொடுத்தேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு, பெற்றோர் ஓட்டும் பழைய வண்டியைக் குறுகிய விடுமுறைக்குள் சரிசெய்து கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டிய நிலை எனக்கு மட்டுமானதன்று. டிஃபரன்ஷியல் என்பது, எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் கொடுத்து, திருப்பத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விடும் கியர் அமைப்பு. அதிலும் ஒரு சக்கரம் மட்டும் வீணே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது எல்.எஸ்.டி., எல்லாப் பட்டறைகளிலும் அடிக்கடி திறக்கப்படும் பாகம் அல்ல. ஆகவே எங்கே நாள்கள் வீணாயின, எந்த வேலை நம்பிக்கையைத் தந்தது என்பதை உள்ளபடியே எழுதுகிறேன்.

வண்டி 1994-இல் தயாரான, நான்கு சக்கர இயக்கம் கொண்ட டீசல் வண்டி. பின் ஆக்ஸிலில் பிளேட் வகை எல்.எஸ்.டி. உள்ளது. சாதாரண டிஃபரன்ஷியலில், ஒரு சக்கரம் சேற்றில் பிடியிழந்து சுழலத் தொடங்கினால் மறு சக்கரத்துக்கும் அந்தச் சிறு விசையே கிடைக்கும்; வண்டி நகராது. பிளேட் வகையில், இரு சக்கரங்களின் ஆக்ஸில் ஷாஃப்டுகளையும் சுழற்றும் சன் கியர்களுக்குப் பின்னால் உராய்வு பிளேட்டுகளும் எஃகு பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கின் அழுத்தமும், சுமை ஏறும்போது கியர்கள் வெளிப்புறமாகத் தள்ளும் விசையும் அந்த அடுக்கை இறுக்குவதால், சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று தனியே சுழல்வது கட்டுப்படுத்தப்படுகிறது. பிளேட் தேய்ந்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். வண்டி மீண்டும் சாதாரண டிஃபரன்ஷியல் வண்டியாகிவிடும்.

அப்பா தொலைபேசியில் சொன்ன குறைகள் இரண்டு. வாசலில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது பின்னாலிருந்து கரகரவென்று ஓர் அதிர்வு வருகிறது. ஈரமான மண் ஏற்றத்தில் இடப்பக்கப் பின்சக்கரம் மட்டும் சுழல்கிறது. இவை இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் குறை பெரும்பாலும் ஆயிலில் இருந்து வருவது, இரண்டாவது தேய்மானத்தில் இருந்து வருவது என்ற வேறுபாடு எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அப்பா வழக்கமாக விடும் பட்டறைக்கே முதலில் கொண்டுபோனோம். சில மாதங்களுக்கு முன்பு ஆக்ஸில் ஆயில் மாற்றியது அவர்கள்தான். அதிர்வு தொடங்கியதும் அதற்குப் பிறகே. எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று கேட்டதற்கு, நல்ல ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் என்றார்கள். அது தரமான ஆயிலாகவே இருந்திருக்கலாம். ஆனால் பிளேட் வகை எல்.எஸ்.டி.க்கு உராய்வைப் பதப்படுத்தும் சேர்மானம் கலந்த ஆயில் வேண்டும். அது இல்லாவிட்டால், திருப்பத்தில் பிளேட்டுகள் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு மறுகணம் விடுபட்டு, மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலும் விடுபடலும்தான் நமக்குக் கரகரப்பாகக் கேட்கிறது. ஆயில் டப்பாவில் எல்.எஸ். என்ற குறிப்பு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இது சிறிய கவனக்குறைவாகத் தோன்றலாம். ஆனால் அப்பா மாதக்கணக்கில் அந்த அதிர்வோடு ஓட்டியிருக்கிறார் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அவர்கள் சொன்ன தீர்வுகள் அதைவிடக் கவலை தந்தன. ஒன்று, டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறிய ஸ்டார் கியர்களை வெல்டிங் செய்து இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடுவது. தார்ச்சாலையில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு வழியில்லாமல் பூட்டிவிட்டால் டயர் தேயும், ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கேறும், மழையில் வண்டியின் பின்பகுதி வழுக்கிப் போகும். எழுபது வயதைக் கடந்த ஒருவர் ஓட்டும் வண்டிக்குச் செய்யக்கூடிய காரியம் அல்ல அது. மற்றொன்று, பழைய பாகங்கள் விற்கும் இடத்திலிருந்து முழு டிஃபரன்ஷியலையே வாங்கி மாட்டுவது. இது தன்னளவில் தவறான யோசனை இல்லை. ஆனால் அவர்கள் காட்டிய ஆக்ஸிலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 43 பற்களும், அதைச் சுழற்றும் சிறிய பினியனில் 9 பற்களும் இருந்தன, விகிதம் 4.778. எங்கள் வண்டியுடையது 41-க்கு 9, அதாவது 4.556. முன் ஆக்ஸில் ஒரு விகிதத்திலும் பின் ஆக்ஸில் வேறு விகிதத்திலும் இருக்க, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். எங்கள் ஆக்ஸிலின் விகிதத்தை நானே சோதித்துப் பார்த்தேன். பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி நிறுத்தி, டயரிலும், ஆக்ஸிலுக்கு விசை கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, இரு சக்கரங்களும் சேர்ந்து ஒரு முழுச்சுற்று வரும்படி சுழற்றினால், ஷாஃப்ட் நாலரைச் சுற்றுக்குச் சற்றே கூடுதலாகச் சுழன்றது. வேறு ஆக்ஸில் வாங்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

அங்கே இரண்டு நாள் கழிந்தன. பிறகு, கியர் பெட்டி வேலை மட்டுமே செய்யும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவரை நான் அண்ணன் என்றே அழைத்தேன். அவர் என்னைத் தம்பி என்றார்.

அண்ணன் வண்டிக்கு அடியில் போகவில்லை. ஓர் அளவு நாடாவை எடுத்துவந்து நான்கு டயர்களின் சுற்றளவையும் அளந்து, சுவரிலிருந்த பலகையில் எழுதினார். பின்பக்கம் இடது டயர் ஏறக்குறைய 2.30 மீட்டர், வலது டயர் அதைவிட 3 சென்டிமீட்டர் குறைவு. ஒரு வருடத்துக்கு முன்பு இடப்பக்க டயர் கிழிந்தபோது அதை மட்டும் புதிதாக மாற்றியிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், நேர்ச்சாலையில்கூட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வலது சக்கரம் ஏறக்குறைய ஆறு சுற்று கூடுதலாகச் சுழல வேண்டியிருந்தது. சாதாரண டிஃபரன்ஷியலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எல்.எஸ்.டி.யில் அந்த ஆறு சுற்றும் பிளேட்டுகளின் உராய்வாகவே கழியும். ஓடும் நேரமெல்லாம் பிளேட்டுகள் உரசிக்கொண்டே இருந்திருக்கின்றன. “பிளேட்டைத் தின்றது இந்த டயர்தான் தம்பி, இதை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் தின்றுபோகும்” என்றார். இதைக் கேட்ட பிறகு எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்து இழுவைச் சோதனை. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை இரு சக்கர இயக்கத்துக்கும் கொண்டுவந்து, கைப்பிரேக்கைத் தளர்த்திய பின், ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினார். ஹப்பில் ஒரு தகட்டைப் பொருத்தி, அதன் நடுவில் டார்க் ரெஞ்சை மாட்டி, சக்கரம் சீராகச் சுழலத் தொடங்கும் விசையைப் படித்தார். 24 நியூட்டன் மீட்டர். கையேடு கேட்ட குறைந்தபட்ச அளவில் அது பாதிகூட இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எல்.எஸ்.டி. உள்ள வண்டியில் ஒரு சக்கரம் தரையில் இருக்க, மறு சக்கரத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டிக் கியர் போடவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் விசை போய், வண்டி ஜாக்கிலிருந்து பாய்ந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அவர் உடனே திறக்கவில்லை. பழைய ஆயிலை வடித்து, எல்.எஸ். குறிப்புள்ள, 80டபிள்யூ-90 அடர்த்தித் தர ஆயிலை ஊற்றி, வெற்று மைதானத்தில் எட்டு என்ற எண்ணைப்போல் மெதுவாகப் பத்து முறை சுற்றிவரச் செய்தார். புது ஆயில் பிளேட்டுகளுக்கு இடையே போய்ச் சேர அதுவே வழி. ஏழாவது சுற்றிலேயே கரகரப்பு நின்றுவிட்டது. அதிர்வு மட்டுமே குறையாக இருந்திருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். ஆனால் இழுவை அளவு அப்படியே இருந்தது. ஆகவே திறப்பதென்று முடிவாயிற்று.

உராய்வு பிளேட்டுகள் வர நான்கு நாள் ஆயின. பொருந்தும் பிளேட்டைத் தேர்ந்தெடுக்க உதவும் ஆக்ஸில் குறியீடு எங்கள் வண்டியின் அடையாளத் தகட்டில் இருந்தது. பயணம் புறப்படும் முன்பே அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால், பிளேட்டுகளை நானே பெட்டியில் கொண்டுவந்திருப்பேன். அந்தக் காத்திருப்பில், பிளேட்டே இல்லாத சுருள்பல் கியர் வகைக்கு மாறலாமா என்றும் அண்ணனிடம் கேட்டேன். டோர்சன் என்ற பெயரில் பலரும் அறிந்த வகை அது; தேயும் பிளேட் இல்லை, தனிச் சேர்மானமும் வேண்டியதில்லை. ஆனால் ஒரு சக்கரம் முற்றிலும் அந்தரத்தில் நின்றால் அது மறு சக்கரத்துக்கு மிகக் குறைந்த விசையையே தரும். குண்டும் குழியுமான மண்பாதைக்கு ஸ்பிரிங் அழுத்தம் உள்ள பிளேட் வகையே நல்லது என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

கழற்றும்போது நான் அருகிலேயே இருந்தேன். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் கருஞ்சாம்பல் நிறப் பசை விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. அதை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, சில்லு இல்லை, பல் உடையவில்லை என்றார். கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலான பேக்லாஷை, அதாவது பற்களுக்கு இடையே உள்ள சிறு தளர்வை, எதையும் அசைப்பதற்கு முன்பே டயல் கேஜ் வைத்து நான்கு இடங்களில் அளந்தார், 0.16 மில்லிமீட்டர். பேரிங் மூடிகள் இரண்டிலும் இடது, வலது என்று புள்ளி குத்தினார். அவை ஹவுசிங்கோடு சேர்த்தே துளையிடப்படுபவை. இடம் மாறினால் பேரிங் சரியாக உட்காராது.

பிளேட்டுகளைத் துடைத்து வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பினார். புது உராய்வு பிளேட்டின் கனம் 1.80 மில்லிமீட்டர், பழையவை 1.62 முதல் 1.68 வரை இருந்தன. எஃகு பிளேட்டுகள் சிலவற்றில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. அதைவிட முக்கியமானதை அவர் விரல் நகத்தால் காட்டினார். பிளேட்டுகளின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் உட்காரும், அடுக்கைச் சுற்றியிருக்கும் கேஸின் பள்ளத்தில், காது இடித்து இடித்துச் சிறு படிகள் விழுந்திருந்தன. அந்தப் படியில் காது மாட்டிக்கொண்டால், பிளேட் சறுக்கி நெருங்க முடியாது. புது பிளேட் போட்டும் இழுவை கிடைக்காது. எங்களுடையதில் படி மெல்லியதாக இருந்ததால், நுண்ணிய கல்லால் தேய்த்து மழுக்கினார். ஆழமாக இருந்திருந்தால் கேஸையே மாற்ற வேண்டியிருக்கும்.

புது உராய்வு பிளேட்டுகள் எல்.எஸ்.டி. ஆயிலில் ஓர் இரவு முழுவதும் ஊறின. காய்ந்த பிளேட்டை அப்படியே மாட்டினால், தொடக்கத்திலேயே அதன் மேற்பரப்பு கெட்டுப்போகக்கூடும். மறுநாள் காலையில் இரு பக்க அடுக்குகளையும் தனித்தனியே மைக்ரோமீட்டரில் அளந்தார். இரண்டுக்கும் இடையே 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது எங்கள் கையேட்டின் கணக்கு. முதல் அளவில் 0.08 வந்தது. பிளேட்டுகளைப் பக்கம் மாற்றி மாற்றி அடுக்கி, நான்காம் முயற்சியில் 0.03-க்குக் கொண்டுவந்தார். அருகில் நின்ற உதவியாளர் பையனையும் ஒவ்வொரு முறையும் அளக்கச் சொன்னார். இருவர் அளவும் ஒத்துப்போன பிறகே எழுதினார்.

பூட்டும் வேலையை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. பேக்லாஷ் பழைய 0.16-க்கே வந்தது. பற்கள் எங்கே தொடுகின்றன என்று அறிய நீல மை தடவிச் சுழற்றிப் பார்த்ததில் பதிவு பல்லின் நடுவில் விழுந்தது. ஆக்ஸில் ஆயில் சீல்கள் இரண்டும் மாற்றப்பட்டன. மண் அடைத்திருந்த காற்றுத் துளைக் குழாயைச் சுத்தம் செய்தார்கள். அது அடைந்திருந்தால், சூட்டில் ஏறும் அழுத்தம் ஆயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளும். பின்சக்கரங்களுக்கு ஒரே அளவில் இரண்டு புது டயர்களை நான் வாங்கினேன். முன் டயர்களின் சுற்றளவோடும் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மாட்ட விட்டார்.

இழுவைச் சோதனையை மீண்டும் செய்தபோது 88 நியூட்டன் மீட்டர் வந்தது. அந்த எண்ணையும், பிளேட் கனம், பேக்லாஷ், டயர் சுற்றளவு ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, வண்டியின் கையேட்டுக்குள் வைத்துக் கொடுத்தார். கேட்காமலே பழைய பிளேட்டுகளையும் ஒரு பையில் போட்டுத் தந்தார்.

அடுத்த மழை நாளில் அப்பா அந்த மண் ஏற்றத்தில் வண்டியை ஏற்றினார். நான் வெளியே நின்று சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது சக்கரம் கால்சுற்று வழுக்கியது; உடனே வலது சக்கரமும் மண்ணைப் பிடித்தது; வண்டி ஏறிவிட்டது. அப்பா கண்ணாடியை இறக்கி, “சத்தமே இல்லையடா” என்றார்.

புது பிளேட்டுகள் பதமாகும்போது உதிரும் துகள் ஆயிலில் கலந்துவிடும் என்பதால், முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை மீண்டும் மாற்றச் சொல்லியிருந்தார். அதற்குள் என் விடுமுறை முடிந்துவிட்டது. அப்பா தானே வண்டியைக் கொண்டுபோனார். அன்று மாலை அண்ணனிடமிருந்து எனக்கு ஒரு படம் வந்தது: வெள்ளைத் துணியின்மேல் வடிகால் போல்ட், அதன் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பூச்சு, சில்லு ஒன்றுகூட இல்லை. கீழே பின் டயர்கள் இரண்டின் சுற்றளவையும் எழுதியிருந்தார்; இரண்டும் ஒன்றே.