காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கிய விமான வேகமானி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண்களுக்கும் எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் நடுவே, எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாத பொருள்களும் கிடக்கும். அப்படிக் கிடந்த ஒரு விமான வேகமானியைச் சென்ற மாதம் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். விமானி உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் தங்கை மகளுக்காகத்தான் வாங்கினேன் என்றாலும், பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், அவள் கைக்குப் போகும் முன்பு நானே மூன்று நாள் அதை வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் முதலில் சொன்ன விலை 4,500. "அழகப்பர் வச்சிருந்த டகோட்டா பிளேன்ல இருந்து கழட்டினது ஐயா" என்று ஒரு வரலாறும் சேர்த்துச் சொன்னார். வள்ளல் அழகப்பச் செட்டியார் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தை நடத்தியவர் என்பது உண்மை. ஆனால் இந்த முகப்பில் எண்கள் மணிக்கு 200 மைலோடு முடிகின்றன, சிவப்புக் கோடு 182-இலேயே நிற்கிறது. டகோட்டாவின் உச்ச வேகம் 220 மைலைத் தாண்டும் என்பதால் அதற்கு இந்த முகப்பு போதாது. இதை எடுத்துச் சொன்னதும் வரலாறும் குறைந்தது, விலையும் குறைந்தது. அமெரிக்கச் சிறு விமானங்கள் பலவற்றில் 1970-களின் நடுப்பகுதி வரை மைல் கணக்கே இருந்ததால், அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கும் என்பது என் கணிப்பு. பின்புற முத்திரைத் தகடு தேய்ந்துவிட்டதால் அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

பொருளின் நிலையைச் சொல்கிறேன். கண்ணாடியில் கீறல் இல்லை, வண்ணப் பட்டைகள் மங்கவில்லை. பின்பக்கத்தில் 'பி', 'எஸ்' என்று குறித்த இரண்டு துளைகள் உள்ளன. 'பி' என்பது விமானத்தின் முகத்தில் மோதும் காற்றை வாங்கும் பிட்டோ குழாய்க்கும், 'எஸ்' என்பது பக்கவாட்டில் அசையாக் காற்றழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் துளைக்கும் உரியவை. உள்ளே ஒரு மெல்லிய உலோகச் சிமிழ் இருக்கிறது. சிமிழுக்குள் பிட்டோ அழுத்தம், சிமிழைச் சுற்றி ஸ்டாட்டிக் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் சிமிழ் உப்ப, அந்த அசைவைப் பற்சக்கரங்கள் முள்ளுக்குக் கொண்டு போகின்றன. ஆக, வேகம் என்ற பெயரில் இது காட்டுவது அழுத்தத்தைத்தான். கடல்மட்டத்துக் காற்றுக்கு ஏற்பக் கோடு போட்டிருப்பதால், காற்று மெலிந்த 10,000 அடி உயரத்தில் முள் 100 காட்டும்போது விமானம் உண்மையில் சுமார் 116-இல் போய்க்கொண்டிருக்கும். இதைக் குறை என்று எண்ண வேண்டாம். இறக்கைக்குத் தெரிவதும் அந்த அழுத்தம் மட்டுமே என்பதால், விமானிக்கு வேண்டிய எண் பெரும்பாலும் முள் காட்டுவதுதான்.

சோதனை செய்து பார்க்க விரும்புவோர் வாயால் ஊத வேண்டாம், சிமிழ் கெட்டுவிடும். நான் மீன்தொட்டிக்கு விற்கும் கண்ணாடிக் குழாயை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை 'பி' துளையோடும் ஊசி போடும் சிரிஞ்சோடும் இணைத்து, மெல்ல மெல்ல அழுத்தினேன். நீர்மட்ட வித்தியாசம் 12.5 சென்டிமீட்டர் ஆனால் முள் 100 மைலில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. அது 96-இல் நின்றது, மோசமில்லை. 50 மைலுக்கு 3.1 சென்டிமீட்டரே போதும், ஏனென்றால் வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசியாகிவிடும். அந்தக் கீழ்ப்பகுதியில்தான் முள் ஒட்டிக்கொள்கிறது, விரலால் தட்டினால் நகர்கிறது. விமானம் ஸ்டால் ஆகக்கூடிய, அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்கக்கூடிய, வேகங்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதால், இதைப் பறக்கும் விமானத்தில் பொருத்தும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது.

இன்னொன்றும் நடந்தது. முதல் முறை அழுத்தியபோது முள் அசையவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் 'பி' துளைக்குள் செம்மண் அடைத்திருந்தது: குளவிக் கூடு. நம் வீடுகளில் சாவித் துவாரத்தையும் விடாத அதே குளவிதான். 1996-இல் டொமினிக்கன் குடியரசில் பிர்கன்ஏர் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்ததற்கு, பிட்டோ குழாய் அடைபட்டதே தொடக்கம். உறை போடாமல் நின்ற நாள்களில் பூச்சி கூடு கட்டியிருக்கலாம் என்பதே புலனாய்வாளர்களின் கருத்து. அடைபட்ட குழாய்க்குள் பழைய அழுத்தம் சிறைப்பட்டுவிட, மேலே ஏற ஏற வெளியழுத்தம் குறைவதால் சிமிழ் உப்பி, இல்லாத வேகத்தை முள் காட்டும். அதை நம்பி மூக்கைத் தூக்கினால் உள்ள வேகமும் போய்விடும். ஊசி முனையால் அந்த மண்ணைத் தோண்டி எடுத்தபோது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது.

வண்ணங்களே இப்பொருளின் முக்கியப் பயன். இன்று பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172 எஸ் விமானத்தின் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கை வைத்துச் சொல்கிறேன். வெள்ளைப் பட்டை 40 முதல் 85 வரை, இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான ஃபிளாப்பை முழுதும் இறக்கலாம். பச்சை 48 முதல் 129 வரை, அன்றாடப் பறத்தல். மஞ்சள் 163 வரை, அலைக்கழிப்பில்லாத காற்றில் மட்டும். 163-இல் சிவப்பு, அதைத் தாண்டவே கூடாது. மே மாத நண்பகலில் செட்டிநாட்டுப் பொட்டலிலிருந்து எழும் சூட்டுக் காற்றில் மஞ்சள் பட்டைக்குள் நுழைவது அறிவுடைமை ஆகாது.

பச்சையின் கீழ்முனையைத் தங்கை மகள் தப்பாகவே புரிந்து வைத்திருந்தாள். 48-க்குக் கீழே போனால்தான் ஸ்டால் என்பது நேராகப் பறக்கும்போது மட்டுமே பொருந்தும். 60 பாகை சாய்ந்து உயரம் இழக்காமல் திரும்பினால் இறக்கை இரு மடங்கு எடையைச் சுமக்க வேண்டியிருப்பதால், 68-இலேயே ஸ்டால் வந்துவிடும். "அப்ப இந்தக் கலர் எதுக்கு அம்மான்?" என்று கேட்டாள். முகப்பில் எழுதாத எண் ஒன்று இருக்கிறது, அதைச் சொல் என்றேன், விழித்தாள். விமானி கட்டுப்பாட்டுப் பிடியை முழுதாக இழுத்தாலும் விமானம் உடையாத வேக வரம்பு அது: இதே விமானத்தில் 2,550 பவுண்டு எடைக்கு 105 நாட், 1,900 பவுண்டுக்கு 90 நாட். எடை குறைந்தால் வரம்பும் குறைவது அவளுக்கு வியப்பு. எடை குறைந்த விமானத்தை அதே காற்று அதிகமாக உலுக்கும், பெரிய மூட்டை ஏற்றிய வண்டியைவிட வெறும் வண்டி மேட்டில் அதிகமாகத் துள்ளுவதுபோல என்றதும் பிடித்துக்கொண்டாள். எடையோடு மாறும் என்பதால்தான் அதற்கு வண்ணம் தீட்டவில்லை.

கடையைப் பற்றி: நாளிதழில் சுற்றி, சணலால் கட்டித் தந்தார்கள்; ரசீது கேட்டபின்தான் எழுதினார்கள். இருட்டில் ஒளிரும் எண்கள் கொண்ட வேறு இரண்டு கருவிகளும் அங்கே இருந்தன. பழைய ஒளிரும் பூச்சில் ரேடியம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை நான் வாங்கவில்லை, வாங்கினாலும் கண்ணாடியைத் திறக்க வேண்டாம். மற்றபடி பாடம் நடத்தவும் மேசையில் வைக்கவும் 2,800 ரூபாய்க்குத் தகும், 4,500-க்குத் தகாது. போகிறவர்கள் டார்ச் ஒன்றைக் கையில் கொண்டு போய், இரண்டு துளைகளையும் பார்த்துவிட்டு விலை பேசவும்.