புடாபெஸ்ட்: சேச்செனி வெந்நீர்க் குளியலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை

புடாபெஸ்ட் நகரத்தில் கையில் இருப்பது ஒரு சனியும் ஒரு ஞாயிறும் மட்டுமே என்றால், நாடாளுமன்றத்தையும் கோட்டை மலையையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு, மிச்சப்படும் பொழுதைச் சேச்செனி குளியலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பதே என் கருத்து. பிப்ரவரியில் நண்பர்கள் நால்வர் வியன்னாவில் ரயிலேறி, மூன்று மணி நேரத்துக்குள் கெலெட்டி நிலையத்தில் இறங்கினோம். எங்களில் மூவர் அருங்காட்சியகம், அரண்மனை, தேவாலயம் என்று பட்டியல் போட்டு வந்திருந்தோம். நான்காமவர் மட்டும் தான் குளிப்பதற்காகவே வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பும் ரயிலில் நால்வரும் பேசியது குளத்தைப் பற்றித்தான்.

அங்கே போவதற்குச் சுரங்க ரயிலின் முதலாம் தடமே ஏற்றது. 1896-இல் ஓடத் தொடங்கிய அந்தத் தடம், பிரிட்டனை விட்டுவிட்டுப் பார்த்தால், ஐரோப்பாவின் முதல் சுரங்க ரயில் பாதையாகும். சாலைக்குச் சற்றுக் கீழேயே ஓடுவதால் சில படிகள் இறங்கினாலே நடைமேடை வந்துவிடுகிறது. பொம்மை வண்டி போன்ற மஞ்சள் பெட்டிகளில் ஏறினால், குளியலகத்தின் பெயரையே கொண்ட நிறுத்தத்தில், நகரப் பூங்காவுக்குள் இறங்கலாம்.

இந்த வெந்நீரின் கதை, கட்டடத்தின் கதையைவிடச் சுவையானது. டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையான புடாவில் மலையடிவாரத்தில் வெந்நீர் தானாகவே ஊறி வெளிவருகிறது. கிழக்குக் கரையான பெஸ்ட் சமவெளியிலோ அதே நீர் வெகு ஆழத்தில் கிடக்கிறது. வில்மோஷ் ஜிக்மோன்டி என்ற சுரங்கப் பொறியாளர் 1868-இல் துளையிடத் தொடங்கி, பத்து ஆண்டுகள் விடாமல் முயன்று, 970 மீட்டர் ஆழத்தில் 74 டிகிரி வெப்பமுள்ள நீரைக் கண்டார். அதை நம்பி எழுந்த இன்றைய மஞ்சள் மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கியோசோ சிக்லர் அதற்குள் இறந்துபோயிருந்தார். நீரின் தேவை பெருகவே, 1938-இல் 1,246 மீட்டர் ஆழத்தில் இரண்டாவது கிணறு தோண்டப்பட்டது. பக்கத்திலிருக்கும் விலங்குக் காட்சிச்சாலையின் நீர்யானைகளும் இந்தப் பூங்காவின் வெந்நீரில்தான் கிடக்கின்றன என்பதைக் கேட்டபோது, நண்பர்களில் ஒருவரை நாங்கள் எப்படியெல்லாம் கேலி செய்தோம் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

நாங்கள் முதலில் சனிக்கிழமை பிற்பகலில் போய், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பிழை எங்களுடையதுதான், வார இறுதியின் நடுப்பகலில் வேறெப்படி இருக்கும்? மறுநாள் கதவு திறந்த கையோடு உள்ளே போனபோது வெளிக்குளத்தில் இருபது பேர்கூட இல்லை. காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருந்தது. உடை மாற்றும் அறையிலிருந்து குளம்வரையிலான அந்தச் சில அடி தூரத்தை நீச்சலுடையில் கடப்பதற்குள் பல் கிட்டித்துவிட்டது. 38 டிகிரி நீரில் கழுத்துவரை இறங்கியதும், மேலே குளிர், கீழே அனல் என்று உடம்பு இரண்டாகப் பிரிந்து நின்றது. ஆவி அடர்ந்திருந்ததால் எதிர்க்கரை தெரியவில்லை. பேச்சுக்குரல் மட்டும் கேட்டது.

சேச்செனி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் சதுரங்கக்காரர்கள் அந்தக் காலையிலும் இருந்தார்கள். மார்பளவு நீரில் நின்ற இரண்டு முதியவர்கள், நடுவிலிருந்த பலகையில் காய் நகர்த்துவதற்கு மட்டும் கையை வெளியே எடுத்து, நகர்த்திய உடனே மறுபடியும் நீருக்குள் விட்டுக்கொண்டார்கள். யோசிக்கும்போது அவர்கள் தாடைவரை அமிழ்ந்துவிடுவதால், முகத்தைப் பார்த்து ஆட்டம் யார் பக்கம் சாய்கிறது என்று கணிக்க முடியவில்லை. நாங்கள் அரை மணி நேரம் பார்த்தும் ஆட்டம் முடியவில்லை.

உள்ளே பல அளவுகளிலும் வெப்பநிலைகளிலும் குளங்கள் இருக்கின்றன. சிலவற்றில் கந்தக வாடை தூக்கலாக அடிக்கிறது, இரண்டு நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். நீராவி அறைகளும் உண்டு. ஆனால் பளபளப்பான ஸ்பா ஒன்றை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. நூறாண்டைக் கடந்த இந்தப் பொதுக் குளியலகத்தில் மூட்டுவலிக்காக வரும் உள்ளூர்ப் பெரியவர்களும் சுற்றுலாப் பயணிகளும் ஒரே நீரில் கிடக்கிறார்கள். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

கட்டணத்தில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. வார இறுதியில் நுழைவுக் கட்டணம் மற்ற நாள்களைவிடக் கூடுதல். லாக்கருக்குப் பதிலாகத் தனி அறை வேண்டுமென்றால் இன்னும் சற்றுக் கூடும். நால்வருக்கு லாக்கரே தாராளம். வரிசையில் நிற்க வேண்டாம் என்று ஆசை காட்டிய ஓர் இடைத்தரகர் இணையதளத்தில் நாங்கள் அவசரப்பட்டு வாங்கிய சீட்டுக்குக் கணிசமாக அதிகம் கொடுத்தோம். ஞாயிறு காலையில் அங்கே வரிசையே இல்லை. குளியலகத்தின் சொந்தத் தளத்திலோ வாசலிலோ வாங்குவதே நல்லது. உள்ளே நுழைந்ததும் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் பட்டையே லாக்கரின் சாவி என்பதால், அதைக் கழற்றிவைக்கக் கூடாது. துண்டும் ரப்பர் செருப்பும் வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். நீந்துவதற்கென்று உள்ள குளத்தில் தலைக்குத் தொப்பி கட்டாயம். வெந்நீர்க் குளங்களில் தேவையில்லை.

ஈரத்துணியைப் போட்டுக்கொள்ள ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையும் வேண்டும். எங்களிடம் அது இல்லாததால், நான்காமவரின் தோள்பை வியன்னாவரை சொட்டிக்கொண்டே வந்தது; அதிலிருந்து வந்த கந்தக வாடைக்கு, எதிர் இருக்கையில் இருந்த பெண்மணி வழியிலுள்ள கியோர் நிலையத்தில் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்.