காணாமற்போன ஸ்டைல் கோப்பும் டெக் லைவின் தொகுப்பு மேலாளரும்

கணிதமும் ஆய்வேடுகளும் அச்சுக்கோக்கப் பயன்படும் லேடெக் மென்பொருளில் எழுதத் தொடங்கும் எவருக்கும் முதல் முட்டுக்கட்டை ஏறத்தாழ ஒரே வடிவத்தில்தான் வருகிறது. ஆய்வேட்டின் முகப்புப் பகுதியில் நண்பர் தந்த ஒரு வரியைச் சேர்த்து இயக்குகிறோம். இன்ன பெயருள்ள ஸ்டைல் கோப்பு, அதாவது லேடெக்குக்குக் கூடுதல் வசதி தரும் கோப்பு, காணப்படவில்லை என்று சொல்லித் திரை நின்றுவிடுகிறது. அதோடு விடாமல், வேறு கோப்பின் பெயரைத் தரலாம், எக்ஸ் என்ற எழுத்தை இட்டு வெளியேறலாம், என்டரை அழுத்தி மேலே செல்லலாம் என்று மூன்று வழிகளையும் காட்டுகிறது. புதியவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை. என்டரை அழுத்துகிறார்கள், லேடெக்கும் அந்தக் கோப்பு இல்லாமலேயே மேலே செல்ல முயன்று, அடுத்தடுத்துப் பிழைகளைக் கொட்டுகிறது. என்னிடம் உதவி கேட்டு வரும் கணித ஆய்வு மாணவர்களில் பாதிப் பேர் காட்டுவது அந்த நாற்பதாவது பிழையைத்தான். முதல் பிழையை யாரும் காட்டுவதில்லை.

காணாமற்போன கோப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை லேடெக்கையும் அதன் துணைக் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டித் தரும் டெக் லைவ் என்னும் வழங்கலில் செய்யும் கருவியின் பெயர் டிஎல்எம்ஜிஆர். பெயரின் வாலில் எம்ஜிஆர் இருப்பதைத் தமிழ் மாணவர் எவரும் கவனிக்காமல் விட்டதில்லை என்பதால், ஒருமுறை சொன்னாலே மனத்தில் நின்றுவிடுகிறது. விண்டோஸில் பல ஆண்டுகள் மிக்டெக் என்ற வேறொரு வழங்கலையும், உபுண்டுவில் அதன் சொந்தத் தொகுப்புகளையும் பயன்படுத்திவிட்டு, கடந்த சில ஆண்டுகளாக டெக் லைவை நேரடியாக நிறுவி இந்த மேலாளரோடுதான் நான் வேலை செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் எழுதும் மதிப்புரை இது.

முதலில் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலின் மேலும், லெஸ்லி லாம்போர்ட் அதன்மீது கட்டிய லேடெக்கின் மேலும் உலகெங்கும் உள்ளவர்கள் எழுதிச் சேர்த்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் (ஸ்டைல் கோப்பு, எழுத்துரு, கையேடு முதலியவற்றின் கட்டுகள்), 1990களின் தொடக்கத்தில் அமைந்த சிடான் என்னும் களஞ்சியத்தில் உள்ளன. அங்கிருப்பவற்றில் உரிமம் இடம் தருபவற்றை எடுத்து, ஒழுங்கான கோப்புறை அமைப்பில் அடுக்கி, ஆண்டுக்கு ஒரு பதிப்பாகத் தருவது டெக் லைவ். முதல் பதிப்பு 1996இல் வந்தது. எல்லாமே இலவசம், ஆகவே இங்கே செலவு என்பது வட்டில் பிடிக்கும் இடமும் நம்முடைய நேரமும்தான்.

அந்த இடம் சிறியதன்று. எல்லாத் தொகுப்புகளும் அடங்கிய முழுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அண்மைப் பதிப்புகள் 7 ஜிபிக்கு மேல் பிடிக்கின்றன. அதில் பெரும் பங்கு கையேடுகளுடையது. கையேடுகளும் மூலக் கோப்புகளும் வேண்டாம் என்று நிறுவும்போதே சொல்லிவிட முடியும், ஆனால் அப்படிச் சொன்னவர்கள் பிறகு டெக்ஸ்டாக் கட்டளையை இட்டு எந்தத் தொகுப்பின் விளக்கத்தையும் தம் கணினியில் திறக்க முடியாது. இடம் இருப்பவர்கள் முழுத் திட்டத்தை ஓர் இரவில் இறக்கிவிட்டு இந்தக் கட்டுரையை மறந்துவிடலாம். கீழே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்குத் தேவைப்படாது. என் மேசைக் கணினியில் நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மடிக்கணினியில் மட்டும் அடிப்படைத் திட்டத்தை நிறுவி, வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்கிறேன். மேலாளரின் குணம் முழுவதும் தெரிவது அங்கேதான்.

கட்டளை எளியது: மேலாளரின் பெயர், அடுத்து இன்ஸ்டால் என்ற சொல், அடுத்து தொகுப்பின் பெயர். தொகுப்பு இறங்கி, உரிய இடத்தில் அமர்ந்து, கோப்புப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு, எழுத்துருவாக இருந்தால், எந்தப் பெயருக்கு எந்த எழுத்துருக் கோப்பு என்று காட்டும் வரைபடக் கோப்பும் திருத்தப்பட்டு, சில நொடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. இத்தனையையும் ஒரு காலத்தில் கையால் செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சிக்கல் கட்டளையில் இல்லை, பெயரில் இருக்கிறது. படம் வரைய டிக்ஸ் தேவை என்று கருதி அந்தப் பெயரைக் கொடுத்தால், அப்படி ஒரு தொகுப்பு களஞ்சியத்தில் இல்லை என்று பதில் வரும். ஏனென்றால் டிக்ஸின் ஸ்டைல் கோப்பு இருப்பது பிஜிஎஃப் என்ற தொகுப்புக்குள். இயல் எண்களின் கணத்தைக் குறிக்கும் இரட்டைக் கோட்டு எழுத்துக்காகப் பலர் நாடும் டிஎஸ்ஃபாண்ட், டபுள்ஸ்ட்ரோக் என்ற பெயரில் இருக்கிறது. பல பக்கங்களுக்கு நீளும் அட்டவணைக்கான லாங்டேபிள், டூல்ஸ் என்ற தொகுப்பின் ஓர் உறுப்பு. அரிசி வாங்கப் போனவனிடம் மூட்டையின் முத்திரைப் பெயரைச் சொன்னால்தான் கொடுப்பேன் என்று கடைக்காரர் நிற்பதைப் போன்றது இது.

இதற்குத் தீர்வு மேலாளரிடமே இருக்கிறது. அதைத் தானாக முன்வந்து சொல்லாததுதான் குறை. தேடல் கட்டளையோடு, களஞ்சியம் முழுவதிலும் தேடு, கோப்பின் பெயரால் தேடு என்ற இரண்டு தெரிவுகளையும் சேர்த்து, காணாமற்போன ஸ்டைல் கோப்பின் முழுப் பெயரையும், அதற்கு முன்னால் ஒரு சாய்கோட்டையும் கொடுத்தால், அந்தக் கோப்பு எந்தத் தொகுப்பில் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுகிறது. சாய்கோடு இல்லாமல் கொடுத்தால் அதே எழுத்துகளில் முடியும் வேறு பல கோப்புகளும் பட்டியலில் வந்து குவியும். பிழைச் செய்தியிலேயே இந்தக் கட்டளையைக் குறிப்பாகக் காட்டியிருந்தால் எத்தனையோ மாணவர்களின் எத்தனையோ மாலைகள் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது குறை சார்புகள் பற்றியது. ஒரு தொகுப்பு தன் வேலைக்கு வேறு எந்தெந்தத் தொகுப்புகளை அழைக்கிறது என்ற விவரம் டெக் லைவில் முழுமையாகப் பதியப்படுவதில்லை. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றைக் கேட்டால் அதற்கு வேண்டிய அனைத்தும் சேர்ந்து வரும் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும்: ஒன்றை நிறுவி இயக்கினால் அடுத்த கோப்பு இல்லை என்கிறது, அதை நிறுவினால் அதற்கடுத்தது. என் மடிக்கணினியில் ஒரு பாடக் குறிப்பை முதன்முறை இயக்கியபோது ஐந்து முறை இந்தச் சுற்று நடந்தது. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் பயனர்களை மனத்தில் வைத்து யிஹுவி சியே உருவாக்கிய டைனிடெக், டெக் லைவையே அடித்தளமாகக் கொண்டு, பிழைப் பதிவைத் தானே படித்து, காணாத கோப்புகளின் தொகுப்புகளைத் தேடி நிறுவி, மீண்டும் இயக்கிப் பார்க்கிறது. அந்த வசதி மூல மேலாளரிலேயே இயல்பாக இருந்திருக்க வேண்டியது என்பது என் கருத்து.

தமிழில் நூல் கோப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதைவிட நுட்பமானது. இல்லாத தொகுப்பு எப்போதும் பிழையாகத் தெரியவேண்டும் என்பதில்லை. அடிப்படைத் திட்டத்தின் மேல் யூனிகோடு எழுத்துருக்களை நேரடியாக ஏற்கும் ஸீலேடெக்கையும், பல மொழிகளுக்கான பாலிகிளாசியா தொகுப்பையும் நிறுவி, மொழி தமிழ் என்று அறிவித்து, நோட்டோ தமிழ் எழுத்துருவில் ஒரு சிறு நூலை, பக்கத்துக்கு இரண்டு பத்திகள் கொண்ட ஆவணமாக ஓட்டினேன். பிடிஎஃப் வந்தது, எழுத்துகள் ஒழுங்காக இருந்தன, பிழை எதுவும் இல்லை. ஆனால் ‘கொண்டிருக்கவேண்டியிருந்தது’ போன்ற நீண்ட சொற்கள் எங்கும் உடையாமல், ஒரு வரியில் சொற்களுக்கிடையே வண்டி போகும் அளவு இடைவெளியும், அடுத்த வரியில் பத்தியின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளுமாக அச்சு அலங்கோலமாயிற்று. பதிவுக் கோப்பின் நடுவில், தமிழுக்கான சொல்முறிப்பு வடிவங்கள் ஏற்றப்படவில்லை என்ற ஒற்றை எச்சரிக்கை மட்டும் இருந்தது. அவை ஹைஃபன் இண்டிக் என்ற தனித் தொகுப்பில் உள்ளன. அதை நிறுவியபோது மேலாளர் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டது. மொழிப் பட்டியலைத் திருத்தி, எஞ்சினின் முன்தொகுப்புக் கோப்புகளைப் புதிதாக ஆக்கிக்கொண்டிருந்தது என்பது திரையில் ஓடிய வரிகளிலிருந்து தெரிந்தது. பின்னர் அதே நூலை இயக்கினால் வரிகள் தாமாகச் சீராகிவிட்டன. இந்தப் புதுப்பிப்பை நினைவில் வைத்துத் தானே செய்ததற்காகவே மேலாளருக்குப் பாதி மதிப்பெண்ணை நான் தந்துவிடுவேன்.

லினக்ஸில் இன்னொரு சின்னத் தொல்லை உண்டு. டெக் லைவை அதன் வழக்கமான பொது இடத்தில் நிறுவினால், தொகுப்பு சேர்க்க நிர்வாகி உரிமை வேண்டும். அந்த உரிமையைத் தரும் சூடோவை முன்னால் போட்டுக் கட்டளையை இட்டால், சற்றுமுன் வேலை செய்த அதே கட்டளை இல்லவே இல்லை என்று கணினி சொல்லும். சூடோ தனக்கென ஒரு பாதைப் பட்டியல் வைத்திருப்பதும், அதில் டெக் லைவின் கோப்புறை இல்லாததுமே காரணம். முழுப் பாதையையும் தட்டச்சிடலாம். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினியில் டெக் லைவைத் தம் இல்லக் கோப்புறைக்குள்ளேயே நிறுவிக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

உபுண்டு, டெபியன் ஆகியவை தரும் தொகுப்புகளைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கே டெக் லைவ் பெரிய பெரிய மூட்டைகளாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு கோப்புக்காக ஒரு மூட்டை முழுவதையும் வாங்க வேண்டும். அது பரவாயில்லை. ஆனால் உபுண்டு 22.04இல் இருப்பது 2021ஆம் ஆண்டின் டெக் லைவ், 24.04இல் இருப்பது 2023ஆம் ஆண்டினுடையது. அங்கே மேலாளரைப் பயனர் நிலையில் மட்டும் இயக்கி இன்றைய களஞ்சியத்திலிருந்து ஒரு தொகுப்பைச் சேர்க்க முயன்றால், உள்ளூர்ப் பதிப்பு தொலைவிலுள்ள பதிப்பைவிடப் பழையது என்று சொல்லி மறுத்துவிடும். அது சரியான மறுப்பு. ஒவ்வோர் ஆண்டின் இறுதி நிலையும் வரலாற்றுக் களஞ்சியத்தில் உறைந்த வடிவில் பாதுகாக்கப்படுகிறது. மேலாளரின் களஞ்சிய முகவரியை அந்த ஆண்டுக்குரியதாக மாற்றிவிட்டால் பழைய பதிப்புக்கும் தொகுப்புகள் கிடைக்கும்.

மிக்டெக்கைப் பொறுத்தவரை, இந்த ஒரு வேலையில் அது முந்திக்கொண்டது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. கிறிஸ்டியன் ஷெங்க் உருவாக்கிய அந்த வழங்கல், கோப்பு இல்லை என்று கண்டதும், அது இன்ன தொகுப்பில் உள்ளது, நிறுவலாமா என்று ஒரு சாளரத்தில் கேட்டு, ஆம் என்றதும் இறக்கி, ஓட்டத்தை நிறுத்தாமலே தொடர்கிறது. பெயர்க் குழப்பமும் சார்புச் சங்கிலியும் பயனர் கண்ணில் படுவதே இல்லை. மாறாக, அதில் ஆண்டுப் பதிப்பு என்று ஒன்று இல்லை. தொகுப்புகள் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஆய்வேட்டை அதே பக்க எண்களோடு மீண்டும் எடுக்க வேண்டியவர்களுக்கு, ஆண்டு முத்திரையோடு உறைந்து கிடைக்கும் டெக் லைவே ஏற்றது.

களஞ்சியத்தில் இல்லாத தொகுப்புகளும் உண்டு: ஓர் ஆய்விதழ் தன் ஆசிரியர்களுக்கு மட்டும் அனுப்பும் வகுப்புக் கோப்பு, துறை ஒன்று தனக்கென எழுதிக்கொண்ட வடிவம் ஆகியவை. பிரித்தெடுக்கும் குறிப்பான ஐஎன்எஸ் கோப்பும் மூலமான டிடிஎக்ஸ் கோப்பும் சேர்ந்து வந்தால், முதலாவதை லேடெக்கில் ஓட்டினால் ஸ்டைல் கோப்பு பிறக்கும். அதை இல்லக் கோப்புறையிலுள்ள சொந்த டெக்ஸ்எம்எஃப் மரத்தில் (டெக் தன் கோப்புகளைத் தேடும் கோப்புறை அடுக்கில்), டெக், அதற்குள் லேடெக் என்ற உறைகளுக்குள் வைத்தால் போதும். அந்த மரத்துக்குப் பட்டியல் புதுப்பித்தல்கூடத் தேவையில்லை. ஆனால் இந்த வசதியே எனக்கு ஒருமுறை வினையாயிற்று. அவசரத்தில் ஒரு தொகுப்பின் பிரதியை அங்கே போட்டுவிட்டு மறந்துபோனேன். சொந்த மரத்துக்கு எப்போதும் முன்னுரிமை உண்டு என்பதால், மேலாளர் புதிய பதிப்பை எத்தனை முறை நிறுவினாலும் லேடெக் என் பழைய பிரதியையே எடுத்துக்கொண்டிருந்தது. அரை நாள் போனபின், ஒரு கோப்பை டெக் எங்கிருந்து எடுக்கிறது என்று காட்டும் கேபிஎஸ்இவிச் கட்டளையில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் பாதை என் இல்லக் கோப்புறையைக் காட்டியது. இதே போன்ற இன்னொரு பள்ளம், எழுத்துரு வரைபடத்தைப் பயனர் நிலையில் ஒருமுறை புதுப்பித்துவிடுவது. அதன்பிறகு மேலாளர் நிறுவும் புதிய எழுத்துருக்கள் நம் தனிப்பட்ட வரைபடத்துக்குப் பின்னால் மறைந்துபோகும். அந்தக் கட்டளையைப் பரிந்துரைக்கும் பழைய குறிப்புகளைக் கண்டால் விலகிச் செல்லுங்கள்.

புதுப்பிப்பில் ஏதேனும் கெட்டுப்போனால், முந்தைய பதிப்பின் காப்புப் பிரதியை மேலாளர் தானாகவே எடுத்து வைத்திருக்கும். மீட்டெடுக்கும் கட்டளை ஒன்று போதும். நான் அதை இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன், இரண்டு முறையும் அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும் நாளில். ஆண்டு மாறும்போது பழைய நிறுவலை உடனே அழிக்காமல், நிறுவியவற்றின் பெயர்களை மட்டும் பட்டியலாக ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, புதிய ஆண்டின் அடிப்படைத் திட்டத்தை அதன் அருகிலேயே நிறுவி, அந்தப் பட்டியலை அப்படியே இன்ஸ்டால் கட்டளைக்குக் கொடுத்துவிடுகிறேன். தேநீர் போட்டுக் குடித்து முடிப்பதற்குள் மடிக்கணினி பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.