அங்கோர் மூன்று நாள் சீட்டு: ஒரு காரைக்கால்காரியின் அனுபவம்

கம்போடியாவுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அங்குள்ள பழங்கோயில்களின் தொகுதியான அங்கோருக்கு ஒரு நாள் நுழைவுச் சீட்டு போதுமா என்பதுதான். போதாது. ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாளையும் தொடர்ச்சியாகப் போக வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாள் வேண்டுமானாலும் போகலாம். முழங்கால் வலியோடு ஊர் சுற்றும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஜனவரியில் நானும் தங்கையும் போனபோது நடுவில் ஒரு நாள் முழுக்க அறையில் காலை நீட்டிப் படுத்திருந்தோம். சீட்டில் ஒரு நாளும் வீணாகவில்லை.

கோயில் வாசலில் சீட்டு கிடைக்காது. பக்கத்து நகரமான சியெம் ரீப்பிலிருந்து போகும் வழியில் தனி அலுவலகம் இருக்கிறது. கவுண்டரிலேயே நம்மைப் படம் பிடித்து, முகத்தோடு சீட்டை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் அங்குள்ள கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது. அதைக் கேட்டதும் விலை அதிகம் என்ற எண்ணமே எனக்குப் போய்விட்டது.

முதல் நாள் ஒரு தவறு செய்தோம். சியெம் ரீப்பில் ஒரு ஏஜென்ட்டிடம் வேன் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினோம். விடிவதற்கு முன்னால் குளக்கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வைத்தார்கள். சூரியன் வந்ததும் ஓட்டம்தான். பாயோன் கோயில் கோபுரங்களில் செதுக்கிய பெரிய முகங்களை நிமிர்ந்து பார்ப்பதற்குள் விசில். தா ப்ரோம் கோயிலில் மரத்தின் வேர் கூரையைக் கவ்விப் பிடித்திருப்பதை நின்று பார்க்க விடவில்லை. அந்தக் கோயிலைச் சீர்படுத்துவதில் நம் இந்தியத் தொல்லியல் துறைக்குப் பங்கு உண்டு. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வழிகாட்டி சொல்லவில்லை. கடைசியில், பந்தே ஸ்ரே கோயில் தூரம், நேரமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நான் ஊரிலிருந்து கிளம்பியதே அந்தக் கோயிலுக்காகத்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் சீட்டின் இரண்டாம் நாளில் பந்தே ஸ்ரேவுக்கு டுக் டுக் பிடித்தோம். நம்மூர் ஆட்டோ மாதிரி இல்லை, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் சின்ன ரதம் கட்டியது போல இருக்கும். போகவர 30 டாலர் கேட்டார், பேரம் பேசவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், இரண்டு பக்கமும் வயலும் பனையும். வழியில் ஒரு கிராமத்தில் வாசலுக்கு வாசல் அடுப்பு மூட்டிப் பதநீர் காய்ச்சுகிறார்கள். வண்டி நிற்பதற்கு முன்பே கருப்பட்டி வாசனை வந்துவிட்டது. ஓர் அம்மா கொப்பரையைத் துடுப்பால் கிண்டிக்கொண்டே, துடுப்பு நுனியில் ஒட்டியதை வழித்து எங்களிடம் நீட்டினார். சூடாக, நாக்கில் வைத்ததும் கரைந்தது. ஓலையில் சுற்றிய வில்லைகள் நான்கு பொட்டலம் வாங்கினோம், ஊர் வரும்போது ஒன்றுதான் மிச்சம்.

பந்தே ஸ்ரே கி.பி. 967-இல் எழுந்த சிவன் கோயில். அங்கோரின் பெரிய கோயிலான அங்கோர் வாட்டோடு பார்த்தால் சின்னக் கோயில்தான். ஆனால் இளஞ்சிவப்புக் கல்லில் ஒரு விரல் இடம் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள், சந்தன மரத்தில் செய்த வேலை போல. ராவணன் கயிலையை அசைக்கிறான், மலையில் இருக்கும் விலங்குகள் பயந்து ஓடுகின்றன.

கிழக்குக் கோபுர வாசல் ஒன்றின் மேலே சிவன் ஆடுகிறார். தங்கைதான் முதலில் பார்த்தாள். “அக்கா, காலுக்குக் கீழ பாரு.” பார்த்தேன். வற்றிய மார்பு, எலும்பு தெரியும் உடம்பு. காரைக்கால் அம்மையார்.

நான் காரைக்காலில் பிறந்தவள். ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து எறியும் மாம்பழத்தைப் பாவாடையில் ஏந்திப் பிடித்து வளர்ந்தவள். அறுபத்து மூவர் வரிசையில் எல்லாரும் நின்றிருக்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார் என்று பாட்டி காட்டிக்கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இங்கேயும் உட்கார்ந்துதான் இருக்கிறார். தன் அழகை உதறிப் பேயுரு வேண்டி வாங்கிக்கொண்ட எங்கள் ஊர்ப் பெண், கடல் கடந்து இந்த ஊர்க் கல்லில் ஆயிரம் வருஷமாக ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாளை முழுக்க அங்கோர் வாட்டுக்கே வைத்துக்கொண்டோம். அது மேற்குப் பார்த்த கோயில், அதனால் பிற்பகல் வெயில்தான் முகப்பில் விழும். விடியற்காலைக் கூட்டமும் இருக்காது. பாற்கடல் கடையும் சிற்பம் 49 மீட்டர் நீளம். வாசுகியைப் பிடித்து இழுக்கும் ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்தோம், முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. உச்சி மண்டபத்துக்கு ஏறும் படி செங்குத்து. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெண் சால்வையைப் போர்த்திப் பார்த்தாள், விடவில்லை. புடவையில் போன எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பௌத்தர்களின் விசேஷ நாட்களில் உச்சி மண்டபத்தை மூடிவிடுவார்கள், கேட்டுக்கொண்டு போங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாடு கொஞ்சம் சிரமம். காய்கறிக் குழம்பில்கூட மீன் சாஸ் ஊற்றுகிறார்கள், ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் பருப்புப் பொடி கொண்டுபோயிருந்தோம், சோறு எங்கும் கிடைத்தது.

சீட்டுக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுப்பேன். வேன் சுற்றுலாவுக்கு ஒன்று. அம்மையார் சிற்பம் உயரத்தில், சின்னதாக இருக்கிறது. சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். எங்களிடம் இல்லை, போனில் பெரிதாக்கித்தான் முகத்தைப் பார்த்தோம்.