மகள் பெயரில் செல்வமகள் கணக்கு: ஏழு வருஷம் கட்டிய அனுபவம்

மகளுக்கு எட்டு மாசம் ஆனபோது, 2018 செப்டம்பரில், தபால் ஆபீஸில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்தேன். பெண்பிள்ளைகளுக்கென்று இருக்கும் மத்திய அரசுச் சேமிப்புத் திட்டம் இது. இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாசச் சம்பளக்காரர்கள். மாசம் இவ்வளவு கட்டினால் 21 வருஷத்தில் இவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு மாசம் போல இன்னொரு மாசம் இருக்காது. அதனால்தான் எழுதத் தோன்றியது.

நாங்கள் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம். எனக்கு இறால் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, மாசம் 11,000 ரூபாய். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். பாக் நீரிணையில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள்தான் கடல். போய்த் திரும்பி, மீன் எடைபோட்டு, டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்துப் பங்கு பிரித்தால்தான் அவர் கையில் காசு. காற்று அடித்தாலோ ஸ்டிரைக் வந்தாலோ அந்த வாரம் ஒன்றும் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. அரசு நிவாரணம் 8,000 ரூபாய் வரும், ஆனால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு மாசத்தை அதில் ஓட்ட முடியாது. தடைக்காலம் வந்தால் கழுத்தில் கிடப்பது அடகுக் கடைக்குப் போவது இந்தக் கரையில் பல வீட்டில் நடப்பதுதான்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம் வட்டியைவிட, கட்டும் முறைதான். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். நடுவில் எவ்வளவு, எப்போது, எத்தனை தடவை என்பதெல்லாம் நம் இஷ்டம். இதற்கு முன்னால் மாசம் 1,000 ரூபாய்க்கு ஆர்.டி. (மாசாமாசம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) போட்டிருந்தேன். தடைக்காலத்தில் இரண்டு மாசம் கட்டவில்லை. நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் அபராதம், பெரிய தொகை இல்லைதான், ஆனால் நாலு மாசம் தவறினால் கணக்கே நின்றுபோகும் என்ற பயத்தில் மே மாசம் கைமாத்து வாங்கி ஆர்.டி. கட்டியிருக்கிறேன். கடன் வாங்கிச் சேமிப்பது என்ன சேமிப்பு? தெருவில் பிடித்த சீட்டிலும் இதே நெருக்கடி, அதோடு நடத்தினவர் பாதியில் ஊரைவிட்டே போய்விட்டதால் நான் கட்டிய ஏழு தவணையும் போனது.

செல்வமகளில் அந்த நெருக்கடி இல்லை. 2020-21-இல் ஊரடங்கு, கம்பெனியும் மூடல், அந்த வருஷம் முழுக்க நான் கட்டியது 1,000 ரூபாய். கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. 250 கூடக் கட்டாமல் விட்டிருந்தாலும் 50 ரூபாய் அபராதத்தோடு புதுப்பித்திருக்கலாம். மற்ற வருஷங்களில் 12,000, 24,000 என்று ஆரம்பித்து, கடைசி இரண்டு வருஷம் 36,000 கட்டினேன். தடை முடிந்து படகு இறங்கியதும் இறால் பாடு நன்றாக இருக்கும். எங்கள் பெரிய தொகையெல்லாம் ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தில் போட்டதுதான். 2025 மார்ச் வரை கட்டியது மொத்தம் 1,57,000. பாஸ்புக்கில் இருப்பது 1,95,000-ஐ ஒட்டி. நடுவில் 2020 ஏப்ரல் முதல் மூன்று வருஷம் வட்டி 7.6 சதவீதமாக இறங்கிக் கிடந்தது, 2024 ஜனவரியிலிருந்து 8.2.

தெரியாமல் நான் இழந்ததும் உண்டு. ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாசக் கடைசிவரை கணக்கில் இருக்கும் குறைந்தபட்சத் தொகைக்குத்தான் அந்த மாச வட்டி. எனக்குச் சம்பளம் 7-ஆம் தேதி, அன்றைக்கே ஓடிப்போய்க் கட்டுவேன். மூன்று வருஷம் கழித்து, கவுன்டருக்குப் புதிதாக வந்த ஒரு அம்மாதான், "அஞ்சாம் தேதிக்குள்ள கட்டுனா இந்த மாச வட்டியும் சேரும்மா, நீங்க ஏழு எட்டுன்னு வர்றீங்களே" என்று சொன்னார். அதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. இப்போது சம்பளத்தில் எடுத்து வைப்பதைக் கையிலேயே வைத்திருந்து, அடுத்த மாசம் 5-ஆம் தேதிக்குள் போடுகிறேன். வட்டி ஒன்றுதான், நடுவில் அவசரம் வந்தால் எடுத்துக்கொள்ளவும் முடிகிறது.

நேரம்தான் பெரிய தொல்லையாக இருந்தது. கவுன்டர் நேரமும் என் வேலை நேரமும் ஒன்று. கம்பெனியில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு வந்து நின்றால் சர்வர் இல்லை என்பார்கள். இடுப்பில் சின்னவனோடு இரண்டு தடவை சும்மா திரும்பியிருக்கிறேன். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கி, அதன் ஆப்பில் மகளுடைய கணக்கு எண்ணையும் கஸ்டமர் ஐடியையும் சேர்த்த பிறகு அந்த அலைச்சல் தீர்ந்தது. ராத்திரி பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு போனிலேயே போடுகிறேன். பாஸ்புக்கில் பதிவதற்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீஸுக்குப் போகிறேன்.

இதன் பெரிய குறையை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். 2022 டிசம்பரில் சின்னவனுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் ஆறு நாள், 28,000 ரூபாய் செலவு. பாஸ்புக்கில் 80,000-க்கு மேல் இருந்தது. ஒரு ரூபாய்கூட எடுக்க வழியில்லை. மகளுக்கு 18 வயசு ஆக வேண்டும், அல்லது பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், அதுவும் படிப்புக்கு என்று பாதிதான். வளையலை அடகு வைத்தேன். திருப்ப ஏழு மாசம் ஆனது. அன்றைக்கு ரொம்ப அழுதேன். ஆனால் எடுக்க முடிந்திருந்தால் அதற்கு முந்தின தடைக்காலத்திலேயே எடுத்திருப்போம் என்பதும் எனக்குத் தெரியும். அப்புறம் மாற்றிக்கொண்டோம். பங்குக் காசு வந்ததும் ஆஸ்பத்திரிக்கு என்று சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் போகும், அங்கே 20,000 நிறைந்த பிறகுதான் மகள் கணக்குக்கு. ஏற்கெனவே குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் இப்போதைக்கு 250 மட்டும் கட்டிக் கணக்கை உயிரோடு வைத்தால் போதும் என்பேன்.

பையனுக்கு இந்தத் திட்டம் கிடையாது. அவன் பெயரில் தபால் ஆபீஸின் நீண்டகாலச் சேமிப்பான பொன்மகன் பொதுவைப்பு நிதி போட்டிருக்கிறோம், வட்டி 7.1தான். "ரெண்டும் நம்ம பிள்ளைதானே, அவனுக்கு மட்டும் ஏன் குறைச்சல்" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கரையில் பத்தாவது முடித்த பெண்பிள்ளையை மேலே படிக்கவைக்கக் காசில்லாமல் நிறுத்திய வீடுகள் எனக்குத் தெரியும், அதில் நான் பிறந்த வீடும் ஒன்று. மகளுக்கு 2033 வரை கட்ட வேண்டும், கணக்கு முதிர்வது 2039-இல். அவள் பத்தாவது முடிக்கும்போது எடுக்கக்கூடிய அந்தப் பாதிதான் எனக்குக் கணக்கு.

போன ஜூலையில் வீட்டுக்காரர் பங்குக் காசில் 9,000 கொடுத்தார். இந்தத் தடவை கவுன்டரில் கட்டலாம் என்று மகளையும் கூட்டிப்போனேன். சீட்டில் கணக்குதாரர் பெயர் என்று இருந்த இடத்தில் அவளே எழுதினாள், கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கவுன்டரில் இருந்த அந்த அம்மா அப்படியே வாங்கிக்கொண்டார்.