கலாபகோஸ் தீவுகளுக்குக் குடும்பத்துடன் செல்லவிருப்போர் கவனத்திற்கு

ஈக்வடோர் நாட்டின் கரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் மேற்கே பசிபிக் கடலில் இருக்கும் கலாபகோஸ் தீவுகளுக்குப் பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் சென்று வந்தோம். அமெரிக்காவில் வாழும் இந்தியக் குடும்பங்களுக்குப் பயணங்களை ஏற்பாடு செய்து தரும் முகவர் ஒருவர், படகிலேயே தங்கிச் செல்லும் பயணம் என்று எங்களிடம் முழுப்பணத்தையும் வாங்கிக்கொண்டு, அந்தப் படகில் எங்களுக்கு இடம் பதிவு செய்யாமலேயே அனுப்பி வைத்துவிட்டார். அவர் மீதான முறையீடு இன்னும் முடியவில்லை என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு அவ்வளவு தொலைவு செல்ல எண்ணுவோர் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக, நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு விற்கப்பட்டது, 16 பேர் தங்கும் கட்டமரான் என்னும் இரட்டை அடிப்பாகப் படகில் மேற்குத் தீவுகளைச் சுற்றி வரும் எட்டு நாள் பயணம். மேற்குப் பாதையை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எங்கள் மகள். பறக்கும் ஆற்றலை இழந்து, குட்டைச் சிறகுகளுடன் கடலுக்குள் மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகம் பெர்னாண்டினா தீவிலும், இசபெலா தீவின் வடக்கு, மேற்குக் கரைகளிலும் மட்டுமே வாழ்கிறது என்று படித்த நாளிலிருந்து அவள் அதையே பேசிக்கொண்டிருந்தாள். கலாபகோஸ் பென்குயின்களில் பெரும்பாலானவையும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கடல் இகுவானா என்னும் பெரிய பல்லிகள் நீருக்கடியில் பாறைப் பாசியை மேய்வதை ஸ்நார்க்கலிங் செய்தபடியே, அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீந்தியபடியே பார்ப்பதற்கும் அந்தக் கரைகளே பேர்போனவை. பெர்னாண்டினாவில் மக்கள் குடியிருப்பு கிடையாது. சாந்தா குருஸ் தீவின் புவேர்த்தோ அயோரா ஊரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் படகுகளுக்கும் அது எட்டாத தொலைவு. படகிலேயே இரவைக் கழித்துச் சென்றால்தான் அங்கே போக முடியும் என்பதாலேயே அவ்வளவு பெரிய தொகைக்கு நாங்கள் இசைந்தோம்.

முகவர் எப்படி ஏமாற்றினார் என்பதை விளங்கிக்கொள்ள, அந்தத் தீவுகளில் பயணங்கள் நடக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். தீவுகளின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு 1959ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் அடங்கும். சுற்றியுள்ள கடல் 1998 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. குடியிருப்புகளை ஒட்டிய சில இடங்கள் தவிர, மற்ற எங்கு கால் வைப்பதானாலும் பூங்காவின் அங்கீகாரம் பெற்ற இயற்கை வழிகாட்டி உடன் வர வேண்டும். ஒரு வழிகாட்டியுடன் 16 பேருக்கு மேல் செல்ல முடியாது. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டராவது விலகி நிற்க வேண்டும். தங்கும் படகு ஒவ்வொன்றுக்கும் எந்த நாளில் எந்த இடத்தில் பயணிகளை இறக்கலாம் என்ற 15 நாள் பாதையைப் பூங்கா நிர்வாகமே வகுத்துக் கொடுக்கிறது. ஒரே இடத்துக்கு 14 நாட்களுக்குள் அந்தப் படகு மறுமுறை போகக் கூடாது. பறவைகளும் ஆமைகளும் மனிதக் கூட்டத்தால் அலைக்கழிக்கப்படாமல் இருப்பதற்காக 2012இல் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு இது. முகவர்கள் நமக்கு விற்கும் நான்கு நாள், ஐந்து நாள், எட்டு நாள் பயணங்கள் எல்லாம் அந்த நீண்ட பாதையிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகள்தாம்.

ஆகவே, எந்த முகவராலும் ஒரு குடும்பத்துக்காக அந்தப் பாதையை மாற்றித் தர முடியாது. எங்கள் முகவரோ, பிள்ளைகளின் ஆர்வத்தைப் பார்த்து, மேற்குப் பாதையிலேயே தென்கிழக்குக் கோடியில் உள்ள எஸ்பஞோலாவையும் வடகிழக்கில் உள்ள ஹெனோவேசாவையும் “உங்களுக்காகவே” சேர்த்துவிடுவதாகச் சொன்னார். மூன்று திசைகளில் அவ்வளவு தள்ளியிருக்கும் தீவுகளை எட்டு நாட்களில் எப்படி இணைக்க முடியும் என்று என் மனைவி கேட்டபோது, படகு நிறுவனத்துக்குச் சிறப்பு அனுமதி இருக்கிறது என்றார். அப்படி ஓர் அனுமதியே கிடையாது என்று பிறகு தீவில் எங்களுடன் வந்த வழிகாட்டி விளக்கினார். பூங்காவின் பாதையை வளைத்துத் தருவதாக உங்களிடம் யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நாட்களை எண்ணும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. எட்டு நாள் என்பது ஏழு இரவு. முதல் நாளின் முற்பகலும் கடைசி நாளின் பெரும்பகுதியும் விமான நிலையத்திலேயே கழியும்.

ஈக்வடோரின் பெருநிலத்தில் உள்ள குவாயாகில் நகர விடுதியில், மறுநாள் காலை விமானத்துக்காகப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது முகவரிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. படகின் இயந்திரம் பழுதாகிவிட்டது, அதே தரத்தில் வேறு ஏற்பாடு செய்துவிட்டேன், கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தார். “அதே தரம்” என்று அவர் குறிப்பிட்டது, புவேர்த்தோ அயோராவில் ஒரு சிறிய விடுதியும், அங்கிருந்து பகலில் மட்டும் சென்று திரும்பும் படகுப் பயணங்களும் என்பது பால்ட்ரா விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. பூங்கா நுழைவுக் கட்டணம் பயணத் தொகைக்குள் அடக்கம் என்று அவருடைய விளம்பரத்தாளில் அச்சிட்டிருந்தது. ஆனால் பால்ட்ராவில் அதை நாங்களே ரொக்கமாகக் கட்டினோம்: 2024 ஆகஸ்ட் 1 முதல் வெளிநாட்டவரில் பெரியவருக்கு 200 டாலர், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 100 டாலர். பெரியவர்கள் மூவரும் பிள்ளைகள் இருவருமாக எங்களுக்கு 800 டாலர் ஆனது. அவர் தாளில் பழைய கட்டணமான 100 டாலர்தான் இருந்தது. புறப்படும் விமான நிலையத்தில் ஒவ்வொருவரும் 20 டாலர் கட்டி வாங்க வேண்டிய பயணக் கட்டுப்பாட்டு அட்டையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களை உண்மையாகவே கொதிக்க வைத்தது. புவேர்த்தோ அயோராவின் துறைமுகமான அகாதெமி விரிகுடாவில் ஒரு நாள் மாலை நடந்துகொண்டிருந்தபோது, பழுதாகிக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட அதே படகு நங்கூரமிட்டு நிற்பதை மகன் பார்த்துப் பெயரை உரக்கப் படித்தான். அதன் பயணிகள் கரைக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற படகுப் பணியாளரிடம் கேட்டோம். இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை, வழக்கமான பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். அன்றிரவே படகு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாள் வந்த பதில் தெளிவாக இருந்தது: எங்கள் முகவர் சில மாதங்களுக்கு முன் இரண்டு அறைகளைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார், குறித்த நாளுக்குள் முன்பணம் வராததால் அந்த ஒதுக்கீடு தானாகவே நீங்கி, அறைகள் வேறு பயணிகளுக்கு விற்கப்பட்டுவிட்டன. நாங்கள் முகவருக்கு முன்பணம் கட்டியது அந்த நாளுக்கு வெகு முன்னரே.

பகல் பயணங்களையே குறை சொல்வதற்கில்லை. கட்டுப்படியாகும் செலவில் இந்தத் தீவுகளைப் பார்க்க அவை நல்ல வழி. தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்து மகிழ்ச்சியாகத் திரும்பிய குடும்பங்களை அங்கே சந்தித்தோம். எங்களுக்கு நேர்ந்த இடர், அவை கடைசி நேரத்தில் எங்கள் வயதையும் உடல்நிலையையும் பாராமல் அமர்த்தப்பட்டவை என்பதால் வந்தது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எந்தெந்த இடங்களில் ஈர இறக்கம், அதாவது பாங்கா என்று அங்கே அழைக்கப்படும் ரப்பர் படகிலிருந்து முழங்கால் அளவு நீரில் இறங்கிக் கரைக்கு நடக்க வேண்டியிருக்கும் என்று முன்பே கேட்டிருந்தோம். எல்லா இடத்திலும் காலில் நீர் படாமல் இறங்கலாம் என்று முகவர் உறுதி கூறியிருந்தார். பார்தொலோமே தீவின் உச்சிக்கு ஏற 300க்கும் மேற்பட்ட மரப்படிகள் இருக்கின்றன. அம்மா வெயிலில் கீழேயே உட்கார்ந்திருந்தார். வேறு எதுவும் செய்வதற்கு அங்கே இடமில்லை.

ஸ்நார்க்கலிங் பற்றிப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பூமத்திய ரேகை இந்தத் தீவுக்கூட்டத்தின் ஊடாகவே செல்வதால் கடல் வெதுவெதுப்பாக இருக்கும் என்று முகவர் கூறினார். ஆனால் அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் கலாபகோஸில் குளிர்ந்த பருவம்: தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிரச் செய்கிறது, மேற்குத் தீவுகளில் ஆழத்திலிருந்து மேலெழும் குரோம்வெல் நீரோட்டமும் சேர்ந்துகொள்கிறது. அந்த உணவுவளம் மிகுந்த குளிர்நீர்தான் பென்குயின்கள் அங்கே வாழ்வதற்கே காரணம். நீரின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியும், மேற்கே அதற்குக் கீழும் இருக்கும். மெலிந்த உடல்வாகுள்ள ஒரு பிள்ளை வெட்சூட் என்னும் உடலோடு ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை இல்லாமல் அந்த நீரில் சில நிமிடங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கான அளவில் வெட்சூட் தரப்படும் என்பது எங்களுக்கு எழுத்திலேயே கொடுக்கப்பட்ட வாக்கு. அமர்த்தப்பட்ட பகல் படகில் பெரியவர்களின் அளவுகள் மட்டுமே இருந்தன. தொளதொளவென்ற வெட்சூட்டுக்குள் நீர் புகுந்து வெளியேறிக்கொண்டே இருந்தால் உடலின் சூடு தங்காது. எங்கள் மகன் உதடு நீலம் பாரித்து நடுங்கியபடி மேலே வந்தான். முகமூடியும் அவன் முகத்தில் பொருந்தாமல் நீரை உள்ளே விட்டது. வழிகாட்டி தம்முடைய கம்பளிச் சட்டையைக் கழற்றி அவனைப் போர்த்தி, மீதிப் பயணம் முழுவதும் அவனுடனேயே உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்; தீவு மக்கள் யாரும் எங்களுக்குத் தீங்கு செய்யவில்லை.

பிள்ளைகளுக்கு முகமூடி, ஸ்நார்க்கல், முழுக்கையும் முழுக்காலும் மூடும் வெட்சூட் ஆகியவற்றை வீட்டிலேயே அளவு பார்த்து வாங்கி, நீச்சல் குளத்தில் போட்டுப் பழக்கி, பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் படகு அமைந்தாலும் அது உதவும். விதை, பழம், பச்சைக் கறிவேப்பிலை போன்றவற்றை எடுத்துச் செல்ல வேண்டாம்; அயல் உயிரினங்கள் தீவுகளுக்குள் நுழையாதபடி விமானம் ஏறுவதற்கு முன்பே பெட்டிகளைச் சோதிக்கிறார்கள், அந்தக் கண்டிப்பு மிகச் சரியானது.

இனிப் பணத்தைப் பற்றி. எங்களுக்கு அனுப்பிய விளம்பரத்தாளில் படகின் படமும் பெயரும் பெரிதாக இருந்தன. ரசீதில் அந்தப் பெயருக்குப் பின்னால் “அல்லது அதற்கு இணையான ஏற்பாடு” என்ற சொற்கள் சேர்க்கப்பட்டிருந்தன. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முகவர் அந்தச் சொற்களைத்தான் சுட்டிக் காட்டினார். எனவே ரசீதில் படகின் பெயர், புறப்படும் தேதி, அந்த வாரத்துக்குப் பூங்கா வகுத்த பாதை, அறைகளின் எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். இணையான ஏற்பாடு என்றால் அது தங்கும் படகாகவும் அதே பாதையாகவும் இருக்க வேண்டும், இல்லையேல் முழுப்பணமும் திரும்ப வரும் என்று எழுதி வாங்க வேண்டும். முன்பணம் கட்டிய ஒரு வாரத்துக்குள், உங்கள் பெயருக்குப் படகு நிறுவனம் கொடுத்த பதிவு எண்ணை முகவரிடம் கேளுங்கள். பிறகு அந்த எண்ணுடன் நிறுவனத்துக்கு நீங்களே நேராக மின்னஞ்சல் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். நேர்மையான முகவர் இதற்குத் தயங்க மாட்டார். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் பயணம் விற்பவர்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு எண்ணைக் கேட்டு அரசின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

முன்பணத்தைக் கடனட்டையில் ஏற்றுக்கொண்ட முகவர், மீதித் தொகையை வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால்தான் சலுகை விலை செல்லும் என்று பிறகு நிபந்தனை வைத்தார். அமெரிக்கச் சட்டத்தில், பேசியபடி கிடைக்காத சேவைக்காக அட்டைக் கட்டணத்தை எதிர்த்து முறையிடும் உரிமை உண்டு. கணக்கு அறிக்கை வந்த 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிடுவது பாதுகாப்பானது. நாமே விரும்பி வங்கி வழியாக அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அட்டையில் வாங்க மறுக்கும் முகவரை, அவர் எவ்வளவு இனிமையாகத் தமிழில் பேசினாலும், விட்டுவிடுங்கள்.

படகு நிறுவனத்தின் மின்னஞ்சல், முகவரின் வாட்ஸப் செய்தி, அகாதெமி விரிகுடாவில் தேதியுடன் எடுத்த படகின் படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பியதும், கடனட்டை நிறுவனம் முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தந்தது. வங்கி வழியாகச் சென்ற மீதித் தொகைக்காக மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையீடு செய்திருக்கிறோம். முகவர் அதில் பாதியைத் தருவதாகவும், அதற்கு ஈடாக முறையீட்டைத் திரும்பப் பெற்று, இதைப் பற்றி எங்கும் எழுத மாட்டோம் என்று கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்டார். நாங்கள் மறுத்துவிட்டோம்.