பன்னிரண்டு வாக்கி டாக்கியும் ஒரு நாற்பது பக்க நோட்டும்: ஒரு மழைக்காலம் பயன்படுத்திய பிறகு

சீவலப்பேரிக்குக் கீழே தாமிரபரணிக் கரையில் அடுத்தடுத்து இருக்கிற நாலு ஊர்க்காரர்கள் சேர்ந்து 2024 ஆடியில் 12 வாக்கி டாக்கி வாங்கினோம். ஊருக்கு மூன்று. ஆன்லைனில் ஜோடி ஐயாயிரத்துச் சொச்சம். லைசென்ஸ் தேவைப்படாத வகை, அரை வாட், 16 சேனல். "நாங்களும் வாங்கலாமா?" என்று பக்கத்து ஊர்களில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் வாங்கினோம் என்பது. 2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் கிட்டத்தட்ட 800 பயணிகளோடு நின்றுபோனது. எங்கள் பக்கம் முதல் ராத்திரியே கரண்ட் போனது, விடிவதற்குள் செல்போனும் போனது. மறுநாள் கடற்கரையில் இருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் தீராது. ஆனால் வந்த மூன்று படகும் ஒரே தெருவுக்குப் போயின. கீழத்தெருவில் நிறைமாதமாக இருந்த பெண் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே இருப்பது அந்தத் தெருவுக்கே தெரியும். படகில் இருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள். ஆனாலும் அந்தச் சாயங்காலத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இனி செட்டைப் பற்றி. கைக்கு அடக்கமாக இருக்கிறது. சத்தம் போதும், மழைக்குள்ளும் கேட்கிறது. பேசும் பட்டன் கொஞ்சம் முரடு. ஈரக் கையால் அழுத்தினால் முதல் வார்த்தை விழுங்கிப் போகும். அதனால் அழுத்தி ஒரு மூச்சு விட்டுத்தான் பேச வேண்டும். பெட்டியில் எத்தனையோ கிலோமீட்டர் என்று போட்டிருந்தான், அதை நம்ப வேண்டாம். தெருவுக்குள் 600, 700 மீட்டர்தான். வயல்வெளியில் இரண்டு கிலோமீட்டர் வரை வந்தது. நனைந்த வாழைத்தோப்பு குறுக்கே நின்றால் அதில் பாதி. நாலு ஊரும் ஒரே வரிசையில் இருப்பதால் நடு ஊர் பள்ளிக்கூட மாடியில் ஒரு ஆள் நின்று, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் அப்படியே திருப்பிச் சொல்கிறார். இடி மின்னல் நேரத்தில் மாடியில் யாரும் நிற்கக் கூடாது, படிக்கட்டுக்கு இறங்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் கடைசி ஊர் எங்களுக்குக் கேட்காது. இதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

பேட்டரி 16 மணி நேரம் என்றார்கள். விடாமல் பேசினால் பத்து, பதினொன்று வருகிறது. தூறல் தாங்கும், கொட்டுகிற மழை தாங்காது. அப்பளக் கவருக்குள் போட்டு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டோம், கவருக்கு மேலேயே பட்டனை அழுத்தலாம். சார்ஜர்தான் மோசம். செட்டைச் செருகினால் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் உள்ளே இருக்கிற சின்னப் பித்தளை முள் சரியாகப் படாவிட்டால் சார்ஜ் ஏறாது. ராத்திரி முழுக்கப் பச்சை விளக்கோடு இருந்த செட் காலையில் செத்துக் கிடந்தது. விற்றவர்களுக்கு மூன்று தடவை எழுதிப் போட்டும் மாற்றித் தரவில்லை. இப்போது முள்ளை ஊக்கால் கொஞ்சம் நெம்பிவிட்டு, செருகியதும் ஒரு தடவை அசைத்துப் பார்க்கிறோம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் இந்த மாதிரி வாக்கி டாக்கியில் லைசென்ஸ் இல்லாமல் பேச விட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரைதான். அதே விலைக்கு ஐந்து வாட் செட் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கினால் அது போலீஸும் மற்றவர்களும் பேசுகிற அலைவரிசைக்குள் போய் நிற்கலாம். ஆபத்து நேரத்தில் அவர்கள் பேச்சை நாமே கெடுத்த பாவம் வரும், சட்டப்படியும் குற்றம். இப்படி விற்பதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் விதிமுறை கொண்டுவந்தது. அலைவரிசை எது, ஈ.டி.ஏ. சான்று (இந்த வகைக் கருவிக்கு அரசு தருகிற ஒப்புதல்) இருக்கிறதா, இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

செட் கதை இவ்வளவுதான். எங்களுக்குப் பெரும்பாடு செட்டால் வரவில்லை, பேசுகிறவர்களால் வந்தது.

நான் டெலிபோன் ஆபீஸில் வெளியூர்க் கால்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் போர்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். அந்தக் காலத்தில் டிரங்க் கால் புக் செய்தால் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. லைட்னிங் என்றால் மற்றவை எல்லாம் ஒதுங்கும். 1992 நவம்பர் வெள்ளத்தில் நான் போர்டில் இருந்தேன். இருக்கிற நாலைந்து லைனுக்கு நூறு பேர் கேட்டார்கள். யாருக்கு முதலில் லைன் என்பதை நானாக முடிவு செய்யவில்லை. சூப்பர்வைசர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பட்டியல் இருந்தது, வெள்ளம் வருவதற்கு முன்பே எழுதி வைத்தது. அதன்படிதான் கொடுத்தேன். அழுதவர்களுக்கும் அதட்டியவர்களுக்கும் அந்தப் பட்டியலைக் காட்டித்தான் பதில் சொன்னேன்.

எங்கள் நாலு ஊருக்கும் அப்படி ஒரு பட்டியல் இல்லை. முதல் ஒத்திகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினார்கள், ஒருத்தர் பேச்சும் தெளிவாக விழவில்லை. ஆவணியில் ஒரு ஊர்க்காரர்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மூன்று செட்டை எடுத்துப் போனார்கள். அன்னதானப் பந்தலுக்கும் வில்லுப்பாட்டு மேடைக்கும் நடுவே பேசிக்கொள்ள வசதியாக இருந்ததாம். சந்தோஷம். ஆனால் மற்றவர் பேச்சு குறுக்கே வரக் கூடாது என்று ரகசிய எண் ஒன்றைப் போட்டு, அப்படியே திருப்பி வைத்துவிட்டார்கள். அந்த எண்ணால் ரகசியம் ஒன்றும் கிடையாது. அது நம் காதைத்தான் அடைக்கும், நம் பேச்சை வெளியே மறைக்காது. அடுத்த ஒத்திகையில் அந்த ஊர்ப் பையன்களுக்கு எங்கள் குரல் எதுவும் கேட்கவில்லை. சேனல் காலியாக இருக்கிறது என்று நினைத்து எங்கள் பேச்சின் மேலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நிஜ வெள்ளமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதற்குப் பிறகுதான், யார் எப்படிப் பேசுவது என்று விதி எழுதி வைக்க நோட்டு வந்தது. 40 பக்க நோட்டு, எழுதியது நாலு பக்கம்.

எழுதும்போதே சண்டை. பெரிய ஊர்க்காரர்கள் அதிகப் பணம் போட்டார்கள், அதனால் எல்லார் பேச்சையும் கேட்டு நடத்துகிற மைக் தங்கள் ஊரில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 அன்று, கோபுரம் விழப் போகிறது என்று போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் தங்கள் வயர்லெஸ் மைக்கில் எச்சரித்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வேறு மைக்கில் இருந்ததால் அது அவர்களுக்குக் கேட்கவில்லை. அன்று 343 தீயணைப்புத் துறையினர் இறந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பேச்சு வலை (நெட்வொர்க்) வேண்டும் என்று அங்கே 2012-இல்தான் சட்டம் வந்தது. ஃபர்ஸ்ட்நெட் என்று பெயர். அதை நடத்த 15 பேர் குழு. அதில் குறைந்தது மூன்று பேர் களத்தில் வேலை பார்த்தவர்கள், குறைந்தது மூன்று பேர் மாநிலங்களுக்கும் உள்ளூர்களுக்கும் பேசுகிறவர்கள் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பின்லாந்தில் விர்வே என்ற ஒரே வலையில் போலீஸ், தீயணைப்பு, மருத்துவம், எல்லைக் காவல் எல்லாம் பேசுகின்றன. கூட்டத்தில் இதைச் சொன்னேன். பணம் யார் போட்டாலும் ஊருக்கு ஒரு ஓட்டு, அதோடு கிராமச் செவிலியருக்கு ஒன்று, பரிசல் ஓட்டுகிற அண்ணாச்சிக்கு ஒன்று என்று முடிவானது. தண்ணீரில் இறங்குகிறவர் சொல்லாமல் அந்த நோட்டில் எதையும் எழுதக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

நோட்டில் எழுதியது இது: சேனல் 7, ரகசிய எண் பூஜ்யம், பட்டன்களுக்குப் பூட்டு (கீ லாக்). மாற்றுகிற உரிமை இரண்டு பேருக்கு மட்டும். கொடைக்கு எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும், பெட்டியிலேயே கிடந்தால் யாருக்கும் பேசப் பழகாது. ஆனால் ஊருக்கு ஒரு செட் சார்ஜரை விட்டு நகரக் கூடாது. திரும்பி வந்ததும் என்னிடம் பேசிக் காட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

முன்னுரிமைதான் கஷ்டமாக இருந்தது. பெரிய வலைகளில் அவசரப் பட்டன் உண்டு, அழுத்தினால் மற்றவர் பேச்சை ஒதுக்கிவிட்டு நாம் பேசலாம். எங்கள் செட்டில் ஒருத்தர் பட்டனைப் பிடித்திருக்கும்வரை வேறு யாராலும் நுழைய முடியாது. அதனால் பத்து விநாடிக்கு மேல் பேசக் கூடாது, பேசி விட்டதும் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ண வேண்டும். அந்த இடைவெளியில் "லைட்னிங்" என்று யாராவது சொன்னால் மற்ற எல்லாரும் வாயை மூட வேண்டும். முதலில் "மின்னல்" என்றுதான் வைத்தோம். ஒத்திகையில் ஒரு பையன் "மின்னல் வெட்டுது" என்று சொல்ல, நாலு ஊரும் அமைதியாகிவிட்டது. அதனால் பழைய வார்த்தைக்கே திரும்பினோம்.

2024 டிசம்பர் 13-ஆம் தேதி ஆறு மறுபடியும் நிறைந்து வந்தது. ராத்திரி 10.40-க்கு நோட்டில் என் கையெழுத்து: "லைட்னிங். மேலத்தெரு கடைசி வீடு. இரண்டு பெரியவர்கள்." இரண்டாவது ஊர்ப் பையன் வாசல்படியில் நின்று பேசினான். "அத்தே, முழங்கால் தாண்டிட்டு. தாத்தாவால நடக்க முடியாது, ஓவர்." அந்த நேரத்தில் மற்ற ஊரில் பால் வண்டி வருமா என்று ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார், பாதியில் நிறுத்திவிட்டார். பரிசல் கிளம்பியது என்று 10.52-க்கு எழுதியிருக்கிறேன். 11.20-க்கு இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில்.

போலீஸ் மைக்கில் நாங்கள் பேச முடியாது, பேசவும் கூடாது. 112, 1077 எல்லாம் இருக்கின்றன, ஆனால் செல்போன் போனபிறகு எந்த எண்ணைச் சுற்றுவது? எங்கள் வலைக்கும் ஸ்டேஷன் மைக்குக்கும் நடுவே இப்போதைக்கு ஒரு பைக்தான் இருக்கிறது. சீட்டில் எழுதிக் கொடுத்தால் பையன் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலையும் எழுதி வாங்கி வருவான். மாவட்டப் பேரிடர் மேலாண்மைக்குத் தலைவர் கலெக்டர்தான். எங்களைப் போன்ற கரையோர ஊர்களின் வலையை ஸ்டேஷனில் யார் கேட்பது என்று ஒரு வரி அவர்கள் திட்டத்தில் வர வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

செட்டுக்கு ஐந்துக்கு மூன்று. சார்ஜர் நன்றாக இருந்திருந்தால் நாலு. நோட்டு வேண்டுகிற ஊர்க்காரர்கள் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஐப்பசிக்கு முன்னால் ராத்திரி மைக்குக்கு இன்னும் இரண்டு பேர் தேவை, விடியவிடிய நான் ஒருத்தியே உட்கார முடியாது. பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி சனிக்கிழமை தோறும் வந்து பழகுகிறாள். பத்து விநாடியில் விஷயத்தைச் சொல்லி முடிக்க அவளுக்கு வந்துவிட்டது. ஒன்று, இரண்டு எண்ணத்தான் இன்னும் மறந்துபோகிறது.